மிச்சிகனில் பேராளர் மாநாடு வேண்டுமா என்று கேட்கிறார்களாம். எங்கள் கோயில் கூட்டம் மாதிரி ஆகிவிடாதா?

தோட்டத்துக் கிராணி, சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகன் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் பக்கம் வேலை செய்கிறான். அங்கே குடியுரிமையும் வாங்கிவிட்டான். போன ஞாயிறு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "மாமா, 2026 நவம்பர் தேர்தல்ல ஓட்டுச் சீட்டுல ஒரு கேள்வி வருது. மாநில அரசமைப்பை மொத்தமா திருத்தி எழுத ஒரு மாநாடு கூட்டலாமா, வேண்டாமான்னு. நீங்கதான் முப்பது வருசமா சட்டவிதி, தீர்மானம்னு கட்டிக்கிட்டு அழுறீங்களே, நான் என்ன போடட்டும்?" என்றான். பதினாறு வருடத்துக்கு ஒரு முறை இந்தக் கேள்வி தானாகவே வந்துவிடுமாம், யாரும் கேட்கத் தேவையில்லையாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே மலேசியாவில், நம் பேராக் மாநில அரசமைப்பைத் திருத்த சட்டமன்றத்தில் 59 பேரில் 40 பேர் கை தூக்கினால் போதும், நம்மை யாரும் எட்டிப் பார்த்துக் கேட்டதில்லை.

உடனே "போடு, வேணும்னு போடு" என்று சொல்லியிருப்பேன். ஆனால் அதற்கு முந்தைய ஞாயிறுதான் எங்கள் கோயில் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்திருந்தது, அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

நான் கோயிலின் செயலாளர். ஒரே ஒரு விதியைத் திருத்தத்தான் கூட்டம்: தலைவராக ஒருவர் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இருக்கக்கூடாது. இப்போது இருப்பவர் பதினொரு வருடமாக இருக்கிறார். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். வாடகைக்கு எடுத்த சிவப்பு நாற்காலி எண்பது, காற்றாடி மூன்று, அதில் ஒன்று சுற்றவில்லை. நான் தீர்மானத்தை வாசித்து முடிப்பதற்குள் பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "விதிப் புத்தகத்தைத் திறந்ததுதான் திறந்தாச்சு, சந்தாவையும் பன்னிரண்டு வெள்ளியில இருந்து இருபது ஆக்கிடுவோம்." அதோடு விட்டதா? கோலாலம்பூருக்குக் குடிபோனவர்களுக்கு ஓட்டு கூடாது என்று ஒருவர். அவர்கள் பணத்தில்தானே கோபுரம் எழுந்தது என்று இன்னொருவர். மகளிர் பிரிவுக்குத் தனிக் கணக்கு. அர்ச்சகரைச் செயலவையில் சேர்க்கலாமா. ஒரு விதி ஒன்பது விதியானது. மதியத்துக்கு வைத்திருந்த மீகூன் மூன்றரை மணிக்குக் கட்டியாகிக் கிடந்தது.

கடைசியில் அந்த இரண்டு தவணை விதியை மட்டும் எப்படியோ ஓட்டுக்கு விட்டோம். வந்திருந்தவர்கள் 61. ஆதரவு 38, எதிர்ப்பு 9, மீதி 14 பேர் கையையே தூக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை, தோற்றது என்று தலைவரே அறிவித்துவிட்டார்.

என் கேள்வி இரண்டு. சட்டமன்றம் என்று ஒன்று இருக்கும்போது தனியாகப் பேராளர்களைத் தேர்ந்தெடுத்து ஏன் மாநாடு? அந்த மாநாடு கூடிவிட்டால், "இதை மட்டும் பேசு" என்று அதற்குக் கடிவாளம் போட முடியுமா?


ஈப்போக்காரி:

கிராணி அண்ணே, நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கோப்பு தூக்குகிறவள். அமெரிக்க மாநில அரசமைப்புகள் மேல் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், சொல்ல மாட்டேன் என்று உங்களுக்கும் தெரியும்.

முதல் கேள்விக்குப் பதில், நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. உங்கள் தலைவரின் தவணையைக் குறைக்கும் விதியைத் தலைவரே தலைமை தாங்கி நடத்திய கூட்டத்தில் வைத்தீர்கள். எண்ணிக்கையை அறிவித்தவரும் அவரே. 1776இல் மாசச்சூசெட்ஸில் கான்கார்ட் என்ற சின்ன ஊர்க்காரர்கள் இதைத்தான் சொன்னார்கள்: அரசமைப்பு என்பது ஆட்சி செய்கிறவர்களைக் கட்டிப்போட வேண்டியது; அதைச் சட்டமன்றமே எழுதினால் சட்டமன்றமே மாற்றிக்கொள்ளும், அப்புறம் கட்டு எங்கே இருக்கிறது? சட்டமன்றம் கேட்கவில்லை, தானே எழுதி 1778இல் ஊர் ஊராக அனுப்பியது. ஊர்கள் தூக்கி எறிந்தன. பிறகு அதற்கென்றே பேராளர்களைத் தேர்ந்தெடுத்து, ஜான் ஆடம்ஸ் பெரும்பகுதி எழுத, 1780இல் வந்தது இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. வேலை முடிந்ததும் பேராளர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதுதான் அந்த ஏற்பாட்டின் சூட்சுமம்.

இப்போது மிச்சிகன். உங்கள் மருமகன் 2026இல் "வேண்டும்" என்று போட்டு, அந்தப் பக்கம் வென்றால் ஆறு மாதத்துக்குள் பேராளர் தேர்தல். கீழவைத் தொகுதி 110க்கு ஒருவர், மேலவைத் தொகுதி 38க்கு ஒருவர், ஆக 148 பேர். அக்டோபரில் லான்சிங் நகரில் கூடுவார்கள். அவர்கள் எழுதியது மறுபடியும் மக்களிடம் ஓட்டுக்கு வரும். ஆக மூன்று வாசல்: கூட்டலாமா, யார் போவது, எழுதியதை ஏற்கலாமா. மூன்றிலும் மக்கள் நிற்கிறார்கள்.

கடிவாளம்? மிச்சிகனில் இல்லை, அங்கே கேள்வியே "பொதுவான திருத்தம்" என்றுதான் வருகிறது. டென்னசி மாதிரி சில மாநிலங்களில் எந்தெந்தப் பகுதி என்று முதலிலேயே கேட்டு, அதை மட்டும் தொட விடுவார்கள்.

ஆனால் ஒன்று. இரண்டு தவணை மாதிரி ஒற்றை விஷயத்துக்கு மிச்சிகனில் மாநாடே வேண்டாம். கையெழுத்து வேட்டை நடத்தி மக்களே திருத்தத்தை ஓட்டுக்குக் கொண்டுவரலாம். 1992இல் சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் தவணை வரம்பு வந்தது அப்படித்தான். 2018இல் தொகுதி எல்லை போடும் வேலையைக் கட்சிக்காரர்கள் கையிலிருந்து பிடுங்கி 13 பேர் கொண்ட குழுவிடம் கொடுத்ததும் அப்படித்தான். ஒரு ஓடு உடைந்ததற்குக் கூரையையே பிரிக்க வேண்டுமா என்று யோசிக்கிறவர்கள் "வேண்டாம்" என்று போடுகிறார்கள். 1978, 1994, 2010 மூன்று முறையும் மிச்சிகன் மறுத்துவிட்டது.


பழைய பேராளர், கோலகங்சார்:

ஐயா, தங்கச்சி சொன்னது சரி, ஆனால் பேராளர் என்றவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். நான் தொழிற்சங்கத்தில் ஒன்பது வருடம் தோட்டத்துப் பேராளராக இருந்தவன். மாநாட்டுக்குப் போகும்போது பேருந்தில் ஒரு கோரிக்கை, திரும்பி வரும்போது வேறு கதை. பேராளரை அனுப்பியது யார், அனுப்ப யாருக்கு விடவில்லை, அதைப் பாருங்கள்.

மிசிசிப்பியில் 1890இல் ஒரு மாநாடு நடந்தது. 134 பேராளர்களில் கறுப்பர் ஒரே ஒருவர். மாநிலத்தில் கறுப்பர்கள்தான் பெரும்பான்மை, பருத்திக் காட்டில் வேலை செய்கிறவர்கள். மாநாடு என்ன செய்தது? ஓட்டுப் போட வேண்டுமானால் இரண்டு டாலர் தலைவரி கட்டு. அரசமைப்பில் ஒரு பகுதியைப் படித்துக் காட்டு, அல்லது வாசித்துக் காட்டினால் பொருள் சொல். பொருள் சரியா தப்பா என்று முடிவு செய்கிறவன் பதிவு செய்யும் வெள்ளைக்கார அதிகாரி. எழுதி முடித்ததை மக்கள் ஓட்டுக்கே விடவில்லை, தாங்களே நடப்புக்குக் கொண்டுவந்தார்கள். அலபாமாவில் 1901இல் 155 பேராளர்கள், அத்தனை பேரும் வெள்ளையர். அதுவும் இதே வேலைக்குத்தான் கூடியது, மறைக்கவும் இல்லை.

அரைக்கட்டு கட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டிய என் பாட்டியிடம் ஒரு தாளைக் கொடுத்து "பொருள் சொல்" என்றால் என்ன சொல்லியிருப்பார்?

நியூயார்க்கையும் பாருங்கள். 1967 மாநாட்டுக்குத் தலைமை வகித்தது மாநில சட்டமன்றத்தின் அவைத்தலைவரே. கான்கார்ட்காரர்கள் கேட்டிருந்தால் அழுதிருப்பார்கள். எழுதியதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி "எடு, இல்லாவிட்டால் விடு" என்று வைத்தார்கள். அதில் சமயப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் போவதைத் தடுக்கும் விதியை நீக்கும் சமாச்சாரமும் இருந்தது. அது பிடிக்காதவன் மூட்டையையே எத்திவிட்டான். அதே நியூயார்க் 1938இல் ஒன்பது கேள்வியாகப் பிரித்து வைத்தது, ஆறு தேறியது.

உங்கள் கூட்டத்தில் ஒன்பது விதியையும் ஒரே ஓட்டாக விட்டிருந்தால், அந்த 38 கூட வந்திருக்காது ஐயா.


தமிழ் வாத்தியார் சுந்தர பாகம்:

எனக்குச் சட்டம் தெரியாது. ஹவாய் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அதுவும் நம்மைப்போல் தோட்ட மண். அங்கே அந்தக் காலத்தில் கரும்பு, அன்னாசி. இங்கே ரப்பர், செம்பனை.

1978இல் ஹவாயில் பேராளர் மாநாடு. 102 பேர். பழைய அரசியல்வாதிகள் அதிகம் இல்லை, இளவட்டங்கள் நிறைய. அதில் ஒருவரான ஜான் வைஹீ பின்னால் ஆளுநரே ஆனார். அந்த மாநாடு எழுதி, மக்கள் ஏற்றதில் ஒன்று: ஹவாய் மொழியும் ஆங்கிலத்தோடு சேர்ந்து மாநிலத்தின் ஆட்சிமொழி. தாத்தா பாட்டியோடு போய்விடும் என்று இருந்த மொழி. சட்டமன்றம் வருடா வருடம் கூடியும் செய்யாததை, அதற்கென்று வந்து கலைந்துபோன கூட்டம் செய்தது. எண்பது பிள்ளைகள் இருந்த தமிழ்ப்பள்ளி பதினொரு பிள்ளையாகச் சுருங்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான், அதனால் இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

நம் நாட்டு அரசமைப்பை எழுதிய ரீட் ஆணையத்தில் ஐந்து பேர். பிரிட்டனிலிருந்து இருவர், ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தான் ஒவ்வொருவர். இந்த மண்ணில் ஓட்டு வாங்கியவர் ஒருவரும் இல்லை. 131 மனுக்களை வாங்கிப் படித்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மன்னிக்கவும், திசை மாறிவிட்டது. கிராணியார் சொன்ன அந்தப் பதினான்கு பேரைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஹவாயில் 1996இல் மறுபடி மாநாடு கூட்டலாமா என்று கேட்டபோது "வேண்டும்" என்றவர்கள் "வேண்டாம்" என்றவர்களைவிட அதிகம். ஆனால் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் பல ஆயிரம். அந்தக் காலிச் சீட்டை எந்தப் பக்கம் கணக்கு வைப்பது என்று வழக்கு வந்து, மாநில உச்ச நீதிமன்றம் அதையும் கூட்டிப் பெரும்பான்மை பார்க்க வேண்டும் என்றது. மாநாடு கவிழ்ந்தது. உங்கள் பதினான்கும் அந்தக் காலிச் சீட்டுதானே?


பழைய பேராளர், கோலகங்சார்:

வாத்தியார் ஐயா, அந்த வழக்கைப் போட்டதே ஒரு தொழிற்சங்கக் கூட்டமைப்பு. சங்கங்கள் இதில் பெரும்பாலும் "வேண்டாம்" பக்கம்தான். நியூயார்க்கில் 2017இல் கேள்வி வந்தபோதும் அப்படி, அங்கே அரசு ஊழியர் ஓய்வூதியம் குறைக்கப்படக் கூடாது என்று அரசமைப்பிலேயே இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் அதற்கு என்ன ஆகும் என்ற பயம். எனக்கும் அந்த பயம் புரிகிறது.


ஈப்போக்காரி:

காலிச் சீட்டு என்றதும் கை அரிக்கிறது. வாத்தியார் ஐயா சொன்னதற்கு நேர் எதிர்த் தீர்ப்பும் உண்டு, மொன்டானாவில்.

1972இல் அங்கே நூறு பேராளர்கள். பதவியில் இருக்கும் சட்டமன்ற உறுப்பினர் யாரும் பேராளராக வரக்கூடாது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. மாநாட்டில் கட்சிவாரியாக உட்காரவில்லை, பெயரின் அகர வரிசைப்படி உட்கார்ந்தார்கள். பக்கத்து நாற்காலியில் எதிர்க்கட்சிக்காரர், மாதக்கணக்கில். எனக்கு இந்த ஒரு விவரம் அவ்வளவு பிடிக்கும். சச்சரவான மூன்று விஷயங்களை, அதாவது சட்டமன்றத்துக்கு ஓர் அவையா இரண்டா, சூதாட்டம், மரண தண்டனை ஆகியவற்றை, மூல வாசகத்தோடு கலக்காமல் தனித்தனிக் கேள்வியாக வைத்தார்கள். அப்படியும் சுமார் 2,500 ஓட்டில்தான் ஜெயித்தது. அன்றைக்கு வாக்குச்சாவடிக்கு வந்த எல்லாரையும் கணக்கெடுத்தால் பாதி கூட வரவில்லை, ஏனென்றால் சிலர் மற்றதற்கு ஓட்டுப் போட்டு இதை விட்டுவிட்டார்கள். வழக்கு. நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்து, இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்களை மட்டும் எண்ணினால் போதும் என்றார்கள். அந்த அரசமைப்பில் சுத்தமான சுற்றுச்சூழல் ஓர் உரிமை என்று எழுதியிருக்கிறது. அதை வைத்து இளைஞர்கள் பருவநிலை வழக்குப் போட்டு 2023இல் ஜெயித்தார்கள், 2024இல் மாநில உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் அது எதுவும் இல்லை.

ஆக அண்ணே, எல்லாம் வாசகத்தில் இருக்கிறது. 61 பேரில் மூன்றில் இரண்டு என்றால் 41 வேண்டும், நீங்கள் தோற்றீர்கள். ஓட்டுப் போட்ட 47 பேரில் என்றால் 32 போதும், 38 வாங்கிய நீங்கள் ஜெயித்தாயிற்று. உங்கள் விதிப் புத்தகம் என்ன சொல்கிறது? மொழிபெயர்ப்பைப் பார்க்காதீர்கள். சங்கப் பதிவிலாகாவில் கொடுத்திருக்கும் மலாய்ப் பிரதியைப் பாருங்கள்.


தோட்டத்துக் கிராணி, சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் நன்றி. மருமகனுக்கு இந்த இழையை அப்படியே அனுப்பிவிட்டேன். "மாமா, நான் வேண்டாம்னுதான் போடப்போறேன், ஆனா கேட்டாங்களேங்கறது சந்தோஷமா இருக்கு" என்று எழுதினான். நான் அவன் இடத்தில் இருந்தால் வேண்டும் என்றுதான் போடுவேன், மொன்டானா மாதிரி அகர வரிசையில் உட்கார வைத்தால். அவன் ஓட்டு, அவன் இஷ்டம்.

தங்கச்சி சொன்ன மாதிரி நேற்று மாலை கோயில் அலமாரியைத் திறந்து மலாய்ப் பிரதியைத் தேடினேன். பழைய உற்சவ ரசீதுக் கட்டுகளுக்கு அடியில், கரையான் ஓரம் அரித்து, இருந்தது. அதில் "ஹாடிர் டான் மெங்குண்டி" என்று தெளிவாக இருக்கிறது. வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு. எல்லார் கையிலும் இருக்கிற தமிழ்ப் பிரதியில் "வருகை தந்தோரில் மூன்றில் இரண்டு" என்று மட்டும் இருக்கிறது. "வாக்களித்த" என்ற ஒரு சொல் இல்லை.

அந்தத் தமிழ்ப் பிரதியைத் தட்டச்சு செய்தது யார் தெரியுமா? 1994இல், தோட்ட ஆபீஸ் தட்டச்சில், சம்பளப் பட்டுவாடா முடிந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான்தான். பக்கத்தின் கடைசி வரி, தாளில் இடம் முடிந்துவிட்டது. அடுத்த தாளில் அடுத்த விதியிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

நாளைக்கு இரண்டு பிரதியையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போக வேண்டும். பதினொரு வருடமாகப் போய் வருகிறேன், அவர் வீட்டு நாய் இன்னும் என்னைப் பார்த்துக் குரைக்கிறது.


பழைய பேராளர், கோலகங்சார்:

தனியாகப் போகாதீர்கள் ஐயா. அந்த ஒன்பது எதிர்ப்பு ஓட்டில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.